அப்பாவுக்கு எந்த அனலைசர் வாங்கலாம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவின் ரேடியோ ஆன்டெனாவை அளக்கிற மூன்று அனலைசர்களின் படங்களை அனுப்பி, அப்பாவின் பிறந்தநாளுக்கு இதில் எதை வாங்கலாம் என்று அவருக்குத் தெரியாமல் விசாரித்துச் சொல்லச் சொன்னாய். சரி என்றேன். அதற்குப் பிறகும் நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன் போன் வந்தாலே அவர் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. தனியாகப் போய்ப் பேசலாம் என்றால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன். பரளச்சிப் பள்ளியில் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள், சொந்தப் பிள்ளைக்கு எழுத எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பிரியாவும் இதைப் படிக்கட்டும். அவளுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் பாளையம்பட்டி வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் இரும்புக் குழாயையும், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் செம்புக் கம்பியையும் பிரியா பார்த்திருக்கிறாள். கல்யாணத்துக்கு மறுவாரம் அதைக் கொடி என்று நினைத்து ஈரச்சேலையைப் போடப் போனவளை அப்பா ஓடிவந்து தடுத்தது அவளுக்கு ஞாபகம் இருக்கும். லைசென்ஸ் வாங்கி, தூரத்து நண்பர்களோடு அப்பா பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு அந்தக் கம்பிதான் ஆன்டெனா. அதன் நீளம் சரியாக இருந்தால் ரேடியோ அனுப்பும் சக்தி காற்றில் ஏறிப் போகும். நீளம் கூடினாலோ குறைந்தாலோ ஒரு பங்கு திரும்பி வந்து ரேடியோவையே சூடாக்கும். நம் ஊர் வெயிலிலும் காற்றிலும் கம்பி தொய்ந்துகொண்டும் முடிச்சு நழுவிக்கொண்டும் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது சரிசெய்தாக வேண்டும். அதற்கு அப்பாவிடம் இருந்த ஒரே வழி, கீழே ரேடியோ முன்னால் உட்கார்ந்து, சக்தியைக் குறைத்து, ஒரு நொடி அனுப்பிப் பார்ப்பது. மீட்டர் காட்டுவதைப் படிக்கட்டு வழியாகச் சத்தமாகச் சொல்வார். நான் மாடியில் கம்பி நுனியை விரல் அளவு மடக்குவேன், அல்லது விடுவேன். அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் "கைய எடுத்துட்டியா டீச்சர்?" என்று கேட்பார். எடுத்துவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். இரும்புக்கடையைக் கவனித்துக்கொண்டு, லோடு இறக்கிய கையோடு வந்து உட்கார்ந்த காலத்திலும் அவர் அதைக் கேட்கத் தவறியதில்லை. அவசரப்படுகிற மனிதர்தான், ஆனால் ரேடியோ விசயத்தில் அவரைப்போல நிதானமானவரை நான் பார்த்ததில்லை.

இந்த ஆடிக் காற்றில் மேற்குப் பக்கக் கயிறு அறுந்து கம்பி கைப்பிடிச் சுவரில் கிடந்தது. காலை பலகாரம் முடித்து இருவரும் வேலையில் இறங்கினோம். நான் புதுக் கயிற்றைக் கட்டினேன். அவர் கீழே இருந்து கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் அளந்தார். எல்லாம் வழக்கம்போல நடந்தது. மீட்டர் அதிகமாகக் காட்டுகிறது, கொஞ்சம் மடக்கு என்றார். நுனியில் பூச்சைச் சுரண்டிவிட்டு வெறும் கம்பியை இரண்டு விரலால் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சுட்டது. கரண்டு அடித்தால் உதறித் தள்ளும், இது அப்படி இல்லை. ஊசியைப் பழுக்கக் காய்ச்சி விரலுக்குள் இறக்கியதுபோல இருந்தது. கையை இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தோலில் வெள்ளையாக ஒரு புள்ளி, பொசுங்கிய வாடை. கீழே அவர் யாருடனோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது.

நான் இறங்கி வந்தபோது அவர் மைக்கைப் பிடித்தபடி திருச்சுழி மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அலைவரிசையில் பேசுகிறவர்கள்தானே, மாமா கூப்பிட்டிருக்கிறார், இவர் பதில் சொல்லியிருக்கிறார். முழுச் சக்தியில். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "என்ன, வேர்த்துப்போய் வார? மாடியில என்ன வேலை?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை, தம்பி. கயிறு அறுந்ததும் தெரியவில்லை, நான் மேலே போனதும் தெரியவில்லை. நான் விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு துணி எடுக்கப் போனேன் என்று சொன்னேன். வீடியோவில் நீ கட்டைப் பார்த்துக் கேட்டபோது தோசைக்கல் என்றேனே, அது இதுதான். பிற்பாடு மாமாவிடம் கேட்டேன். அன்று காலை மாமா என்னை விசாரித்தாராம். "அவ அடுப்படியில இருக்கா" என்று அப்பா சொன்னாராம்.

உடனே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே டிக்கெட் போட்டு வந்து எங்கள் இருவரையும் பூனாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று தெரியும். அதற்கு நான் இன்னும் தயாராக இல்லை. முதலில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அருப்புக்கோட்டை டவுனுக்குப் போய்விட்டு எதற்குப் போனோம் என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். ரேடியோவில் பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு அழைப்புக்குறி உண்டு; இறந்துபோன ஒரு நண்பரின் குறியைச் சொல்லி அலைவரிசையில் கூப்பிட்டார். அது மற்றவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. கண் பரிசோதனை என்று சொல்லி மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது. முள்ளை எங்கே போடுவது என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். நினைவு குறைகிற நோய், தொடக்கம்தான், மாத்திரை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். வெகுதூரம் வந்த பிறகு, "கண்ணுக்குன்னு சொல்லித்தான கூட்டியாந்த?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். என் கையை எடுத்து அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் புண் ஆறி வடுவாகியிருந்தது. எப்படி ஆனது என்று கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அனலைசர் வாங்கலாம் என்ற யோசனையை உனக்குச் சொன்னது மாமாதான் என்று நினைக்கிறேன். என்னிடமும் அவர்தான் முதலில் சொன்னார். அது கைக்கடக்கமான பெட்டி. ஆன்டெனாக் கேபிளை அதில் மாட்டினால், ரேடியோவைத் தொடாமலே கம்பி சரியாக இருக்கிறதா என்று காட்டிவிடும். அது அனுப்புகிற சக்தி அத்தனை சின்னது. கம்பியில் கை வைத்தால் அளவு மாறுமே தவிர சுடாது. அளக்கிற நேரம் முழுக்க ரேடியோவை அணைத்தே வைக்கலாம். "இது இருந்தா உனக்கு அந்தப் பயம் இல்ல தங்கச்சி" என்றார். அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஆவணியில் ஒருநாள் காலை திருச்சுழியிலிருந்து இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். மூவரும் மாடிக்குப் போனோம். அன்று நடந்ததை வைத்துத்தான் உன் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறேன்.

உன் படங்களில் முதலாவது, முள் மீட்டரும் திருகும் வைத்த பழைய மாதிரி. மாமாவிடம் இருப்பது செங்கல் கனம். பேட்டரியைத் தின்கிறது. ஒரு நேரத்தில் அலைவரிசையில் ஒரு இடத்தைத்தான் காட்டும். கம்பி எங்கே சரியாக ஒத்துப்போகிறது என்று திருகைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். ஒரு இடத்தில் நிறுத்தினாலும் அது தானாக மெதுவாக நகர்ந்துவிடுகிறது. மாமாவே அதைக் குறையாகத்தான் சொன்னார். ஆனால் அதை அப்பா கையில் கொடுத்ததும் நீ பார்த்திருக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடது உள்ளங்கையில் பெட்டியை ஏந்தி, வலது கட்டைவிரலால் திருகை நகர்த்தினார். முள் சரிந்து கீழே வந்தது. "கம்பி நீளம் மச்சான். ஒரு சாண் போல குறைக்கணும்" என்றார். குறைத்தோம். மறுபடி பார்த்தார், சரியாக இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் பழைய மனிதராக இருந்தார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்ததால் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கீழே போய்விட்டேன்.

இரண்டாவது, உள்ளங்கை அகலத்தில் திரை மட்டும் உள்ள சின்னது. விலையும் குறைவு, எல்லோரும் இப்போது அதைத்தான் வாங்குகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். ஒன்றும் பொய் இல்லை. ஒரே பார்வையில் முழு வளைகோட்டையும் காட்டுகிறது. அந்தப் பள்ளம் எங்கே விழுகிறதோ அங்கேதான் கம்பி ஒத்துப்போகிறது என்று நானே புரிந்துகொண்டேன். ஆனால் அளப்பதற்கு முன்னால் அதற்கு மூன்று சின்னத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, சரியான அளவு எது என்று பழக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மாட்டியதும் திரையில் அதற்குரிய இடத்தைத் தொட வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தத் திரையில் நம் முகம்தான் தெரிகிறது. மாமா தோள் துண்டை விரித்துப் பிடித்து நிழல் காட்டினார். அப்பா முதல் துண்டை மாட்டினார். எடுத்தார். கையிலிருந்த மூன்றையும் பார்த்தார். எடுத்ததையே திரும்ப மாட்டினார். மாமா மெதுவாக, அது ஆகிவிட்டது என்றார். அப்பா தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையே மாட்டினார். கடைசியில் திரையில் வந்த கோடு தறிகெட்டு ஓடியது. அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் அதை மறந்திருப்பேன். மாமாவே பழக்கிக் கொடுத்து, இப்போது கேபிளை மாட்டுங்கள் என்றார். உனக்குத் தெரியும், மழையே இல்லாமல் கரிசல் புழுதி பறக்கிற காற்றில் அந்தக் கம்பி தானாகவே மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கேபிள் முனையின் நடு ஊசியை அதன் வெளிவளையத்தோடு ஒருதரம் தொடவைத்துச் சேர்ந்ததை இறக்கிவிட்டுத்தான் எந்தக் கருவியிலும் மாட்ட வேண்டும். மாமாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே உன் அப்பாதான். அன்றைக்கு அவர் அப்படியே எடுத்து மாட்டினார். சின்னதாக ஒரு சொடுக்கு. திரையில் வெளிச்சம் இருந்தது, ஆனால் கோடு அசையவில்லை; எதை மாட்டினாலும் ஒரே கோடு. மாமா அதை அணைத்துப் பையில் போட்டார். பழையதுதான், போகட்டும் என்றார். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. நோய் அவரிடமிருந்து எதையெதையோ எடுத்துக்கொண்டது, அதைப் புரிந்துகொள்கிற அறிவை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. தோள் துண்டால் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துவிட்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார். மத்தியானம் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போட்டோம். வயசான காலத்தில் இது என்ன என்று நீ சிரிப்பாய். ரேடியோவுக்குக் கரண்டு கொடுக்கும் வயரை நான் கழற்றிப் பீரோவில் வைத்தேன். நான் கூட இல்லாமல் ரேடியோவைப் போடக் கூடாது என்றேன். "என்னைச் சந்தேகப்படுறியா?" என்று கேட்டார். அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவரே வந்து சமையலறை வாசலில் நின்றார். "நீ செஞ்சது சரிதான். மைக்கக் கையில எடுக்கிறப்ப நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியல. அது எனக்கே பயமா இருக்கு" என்றார். வயரை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் பேசுகிற நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். லைசென்ஸ் பரீட்சைக்கு நானும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். சில நாள் அவரே பாடம் சொல்லிக்கொடுக்கிறார், தெளிவாக. சில நாள் என் புத்தகத்தைப் பார்த்து, இதெல்லாம் நீ எதற்குப் படிக்கிறாய் என்று கேட்கிறார்.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். பெரிய திரை, கீழே நாலைந்து பட்டன். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் மதுரையில் வைத்திருக்கிறார். அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். துண்டு மாட்டிப் பழக்குகிற வேலை இல்லை. போட்டதும் வருகிறது, பட்டனை அழுத்தினால் கோடு விழுகிறது, வெயிலிலும் எழுத்து தெரிகிறது. விலைதான் அதிகம். சேர்ந்த மின்சாரத்தை இறக்காமல் மாட்டினால் அதுவும் கெட்டுத்தான் போகும். அதை நான் பார்த்துக்கொள்வேன். முள் மீட்டரை வாங்கச் சொல்லத்தான் என் மனம் அடித்துக்கொள்கிறது. அவர் கைக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் அந்தக் கைக்கு அது எத்தனை நாள் தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது. பட்டன் உள்ளதில் நான் அழுத்துவேன், இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம், இன்றைக்குத் தெரிந்தால் அவர் சொல்வார், தெரியாவிட்டால் நான் படித்துக்கொள்வேன். நீ அப்பாவுக்கு என்று ஆசையாக வாங்குவதை நான் எனக்காகத் தேர்ந்தெடுக்கிறேன். இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் அதுதான் உண்மை.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனில் அவரைச் சோதிக்காதே. "நேத்து சொன்னேனே, மறந்துட்டீங்களா?" என்று போன மாதம் நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். நீ தெரியாமல் கேட்டாய். போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, நீ என்ன சொன்னாய் என்று யோசித்துக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்கக் கௌரவம் விடவில்லை. சொன்னதையே அவர் திரும்பச் சொன்னால் புதிதாகக் கேட்பதுபோலக் கேள். பூனாவுக்கு வா என்ற பேச்சையும் கொஞ்சநாள் எடுக்காதே. அங்கே பதினோராவது மாடியில் இவர் யாருடைய குரலைக் கேட்டுக்கொண்டு இருப்பார்? ஒருநாள் வரவேண்டி வரும். அந்த நாளை நானே சொல்கிறேன்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக மாமாவும் மற்ற நண்பர்களும் கூடுகிற நேரம். அப்பா ரேடியோவைப் போட்டு மாமாவிடம் ஊர்நிலவரம் பேசினார். திருச்சுழிப் பக்கம் மழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் மாமா. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். மாமா மறுபடியும் இல்லை என்றார், முன்னால் கேட்காததுபோலவே. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏற்கெனவே கேட்டேனா என்று கண்ணாலேயே கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பட்டனை அழுத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எனக்கு ஞாபகம் போய்க்கிட்டு இருக்கு. டாக்டர் சொல்லிட்டாக. கேட்டதையே கேட்டா, கேட்டாச்சுன்னு சொல்லிருங்க. எனக்காக யாரும் நடிக்க வேண்டாம்."

மைக்கை விட்டார். அலைவரிசையில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மாமா தன் அழைப்புக்குறியைச் சொல்லி, "கேட்டுச்சு மாப்ள" என்றார். அதற்கடுத்து கோயம்புத்தூர்க்காரர். அப்புறம் நான் இதுவரை கேட்டிராத ஒரு குரல், இலங்கைத் தமிழ். இன்னொரு பையன், புதிதாக லைசென்ஸ் வாங்கியவனாம். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் குறியைச் சொல்லி, கேட்டது, கேட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

ரேடியோவை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகுதான் இதைச் சொன்னார்: "முகம் தெரியாதவுககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். தம்பிகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீ எழுதிரு."

எழுதிவிட்டேன். மூன்றாவதையே வாங்கு. கூரியரில் அனுப்பாதே, நீயே கையில் கொண்டு வா.

அம்மா